காசு வைக்க வேண்டிய இடம்

போன ஞாயிற்றுக்கிழமை சரவணம்பட்டியிலிருந்து மகள் வீட்டார் வந்திருந்தார்கள். பேரன் கையில் சின்ன சூட்கேஸ் ஒன்று இருந்தது. இரண்டு நாள் தங்கப் போகிறான் என்று என் மனைவி சந்தோஷமாகச் சமையலறைக்குப் போனாள். அவன் அதை மேசைமேல் வைத்துத் திறந்தான். உள்ளே துணி இல்லை, ரெக்கார்டு பிளேயர் இருந்தது.

"அப்புச்சி, இது பாட்டு நடுவுல தாவித் தாவிப் போவுதுங்க. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்னு அம்மா சொல்லுச்சு" என்றான்.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஊசி இருக்கும் கையின் தலைமேல் ஒரு ரூபாய்க் காசு ஒன்று செலோடேப்பால் ஒட்டப்பட்டிருந்தது.

"இது என்ன கண்ணு?"

"கடைக்குப் போன் பண்ணுனேனுங்க. தாவுச்சுன்னா ஒரு காசு வெச்சு ஒட்டுங்க, நின்னுக்கும்னாங்க."

"நின்னுச்சா?"

"கொஞ்சம் நின்னுதுங்க. அப்புறம் பாட்டே கரகரன்னு ஆயிருச்சு."

"வீட்டில் இதை எதன்மேல் வைத்திருக்கிறாய்?"

"செருப்பு ஸ்டேண்டு மேலைங்க. அங்கதான் எடம் இருந்துது."

எனக்கு வந்த கோபம் பேரன்மேல் இல்லை. அவனுக்கு வயது இருபத்து மூன்று. கோபம் அந்தக் காசின்மேல். அதை 50 வருடமாகப் பார்த்து வருகிறேன். டீக்கடையில், கல்யாண வீட்டு மைக் செட்டில், அலுவலக நண்பர்களின் வீட்டில், என் சொந்த வீட்டில். 25 பைசாவாக இருந்தது, 50 பைசாவாக வளர்ந்தது, இப்போது ஒரு ரூபாய் ஆகியிருக்கிறது. ரெக்கார்டு பிளேயரே செத்துப்போய் 30 வருடம் கழித்து உயிரோடு திரும்பி வந்திருக்கிறது. கூடவே இந்த மூடப்பழக்கமும் திரும்பி வந்துவிட்டது. அதைக் கண்டித்து எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பாட்டுத் தாவினால் ஊசியின் தலையில் பாரம் ஏற்றாதீர்கள். முதலில் மேசையின் காலைப் பாருங்கள்.

காசு என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். இந்த மாதிரி சூட்கேஸ் பெட்டிகளில் ஊசி தட்டின்மேல் அழுத்தும் பாரம் ஏறத்தாழ 5 கிராம். இன்றைய ஒரு ரூபாய்க் காசின் எடை ஏறத்தாழ 4 கிராம். ஆக, ஊசியின் பாரத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிவிட்டோம். இந்த எடை இறங்கும் இடம் எவ்வளவு பெரியது? ஒரு எல்.பி. தட்டின் தடம் தலைமுடிப் பருமன்தான் இருக்கும். அதற்குள் உட்காரும் ஊசிமுனை அதைவிடச் சிறியது. அந்தப் புள்ளியில் கூடுதலாக 4 கிராம் வைப்பது, நெல் வயலில் ரோடு ரோலரை ஓட்டுவது போல. ஊசி தாவாதுதான். வரப்பையே நசுக்கிக்கொண்டு போகிற வண்டி எங்கே தாவும்?

இன்னொன்றும் உண்டு. தட்டு சுழலும்போது ஊசிக்கும் தடத்துக்கும் உள்ள உராய்வினால் கை எப்போதுமே நடுவை நோக்கிக் கொஞ்சம் இழுக்கப்படும். வளைந்த கை உள்ள எல்லாப் பெட்டிகளிலும் இந்த இழுப்பு இருக்கிறது. ஊசியின் பாரம் கூடினால் இதுவும் கூடும். நோயைத் தீர்க்க வைத்த காசு நோய்க்கே தீனி போடுகிறது.

1958-லிருந்து கடைக்கு வந்த ஸ்டீரியோ தட்டுகளில் தடத்தின் இரண்டு சுவர்களிலும் தனித்தனி ஒலி பதிவாகியிருக்கிறது. நடுப்பக்கச் சுவரில் இடது காதுக்கு, வெளிப்பக்கச் சுவரில் வலது காதுக்கு. பெட்டி சாய்ந்திருந்தால் ஊசி ஒரு சுவரில் உரசிக்கொண்டும் மறு சுவரை ஒப்புக்குத் தொட்டுக்கொண்டும் போகும். ஒரு பக்கம் தேயும், மறுபக்கம் இரையும். "பழைய ரெக்கார்டுன்னா கரகரன்னுதான் இருக்கும்" என்று அதற்கு ஒரு சமாதானம் வேறு. பழைய ரெக்கார்டு தானாகக் கரகரக்காது. யாரோ அதைக் கரகரக்க வைத்திருக்கிறார்கள்.

சாய்வு எங்கிருந்து வருகிறது? இதற்கு நம் ஊரில் தனிக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டில் அச்சிட்ட குறிப்புப் புத்தகத்தில் "சமதளமான இடத்தில் வைக்கவும்" என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறார்கள். அவர்கள் ஊரில் தரை சமமாக இருக்கலாம். நம் பழைய வீடுகளில் தரை சமமாக இருக்கவே கூடாது. வீட்டைக் கழுவி விட்டால் தண்ணீர் மூலையில் இருக்கும் ஓட்டை வழியாக வெளியே போக வேண்டும். அதற்காகவே கொத்தனார் வாட்டம் விட்டுத் தரை போடுவார். வாட்டம் விடாத கொத்தனாரை நாம்தான் திட்டுவோம். மதுக்கரையில் நான் இருக்கும் வீடும் அப்படித்தான். 1930-களிலிருந்து சிமெண்டுக்குப் பேர் வாங்கிய ஊர் இது. இங்கே என் கூடத்தின் சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஒரு கோலிக்குண்டை விட்டால் வடகிழக்கு மூலைக்குத் தானாகப் போய்ச் சேரும். 60 சென்டிமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் இறக்கம் இருந்தால் ஏறத்தாழ 1 டிகிரி சாய்வு. அதன்மேல் நான்கு காலும் ஒரே உயரத்தில் இருக்கும் நல்ல மேசையை வைத்தால், மேசையும் அதே 1 டிகிரி சாய்ந்து நிற்கும். மேசைமேல் தப்பு இல்லை, தரைமேலும் தப்பு இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டு மட்டம் பார்க்காமல் போன நம்மேல்தான் தப்பு.

புது அடுக்குமாடி வீடுகளில் கூடத்துத் தரை பரவாயில்லை. ஆனால் அங்கே மேசை, நாற்காலி எல்லாம் மரத்தூளை ஒட்டிச் செய்த பலகை. இரண்டு வருடத்தில் நடுவில் தொய்ந்துவிடும். செருப்பு ஸ்டேண்டு என்பது தினமும் பத்து முறை கதவு திறந்து மூடி அதிர்கிற சாமான். அதன்மேல் ஒரு ஊசி நடுங்காமல் நிற்க வேண்டுமென்றால் அதற்குத் தவவலிமை வேண்டும்.

இதைச் சொன்னால் மூன்று விதமாக என்னை மறுப்பார்கள். ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

முதல் மறுப்பு: "அந்தக் காலத்தில் யார் மட்டம் பார்த்தார்கள்?" பார்த்தார்கள் ஐயா. நான் 1951-ல் புதுச்சேரியில் பிறந்தவன், பள்ளிப்படிப்பு முழுவதும் பிரெஞ்சில். என் பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களை 'சொல்தா' என்போம். அவர் ஓய்வுபெற்று வந்தபோது லியோன் நகரத்துத் 'தெப்பாஸ்' கம்பெனியின் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதுவும் சூட்கேஸ் மாதிரிதான் இருக்கும். அதை வைக்கும் மேசைமேல் முதலில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி வைப்பார். எந்தப் பக்கம் விளிம்புவரை ஏறுகிறது, எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்ப்பார். காலுக்கு மரச்சில்லு செருகுவார். தண்ணீர் நான்கு பக்கமும் ஒரே அளவில் நின்ற பிறகு தட்டை எடுத்துத் துடைத்துவிட்டுத்தான் பெட்டியை வைப்பார். சின்னப் பையன்களான நாங்கள் பொறுமை இல்லாமல் குதிப்போம். "அப்லோம் இல்லாமல் பாட்டு இல்லை" என்பார். 'அப்லோம்' என்பது பிரெஞ்சில் நேராக நிற்பதற்கும் சொல்வார்கள், பதற்றமில்லாத மனநிலைக்கும் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்குள் இருப்பது ஈயம், அதாவது கொத்தனாரின் தூக்குக்குண்டு. தமிழில் 'மட்டம்' என்றால் சமம் என்றும் பொருள், தரக்குறைவு என்றும் பொருள், ஆபீசுக்குப் போகாமல் இருப்பதும் மட்டம்தான். நாம் மூன்றாவது பொருளை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டோம்.

இரண்டாவது மறுப்பு: "மலிவான பெட்டிதானே, இதற்குப் போய் இவ்வளவு நுணுக்கம் எதற்கு?" இது முழுக்கத் தலைகீழான வாதம். பெட்டி எவ்வளவு மலிவோ அவ்வளவுக்கு மட்டம் முக்கியம். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், இத்தனை வருடம் அரசாங்கத்துக்குக் கணக்கு எழுதியவன் நான். நல்ல பெட்டிகளில் கையின் பின்பக்கம் ஒரு எடைக்கல் இருக்கும். அது கையைத் தராசுபோல் சமன் செய்துவிடும். ஊசிக்கு வேண்டிய 2 கிராம் மட்டுமே மிச்சம். மலிவான பெட்டியில் எடைக்கல் கிடையாது. கையின் முன்பாரத்தை ஒரு ஸ்பிரிங் தூக்கிப் பிடித்திருக்கும். ஒரு பேச்சுக்கு, ஊசிமுனையில் அந்த முன்பாரம் 30 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் 25 கிராமைத் தூக்கிவிடும், மீதி 5 கிராம் தட்டின்மேல் இறங்கும். ஸ்பிரிங் மேல்நோக்கித் தூக்கும், பக்கவாட்டில் பிடித்து நிறுத்தாது. பெட்டி பக்கவாட்டில் 2 டிகிரி சாய்ந்தால் முழு 30 கிராமும் அந்தப் பக்கம் சரியப் பார்க்கும். அதன் இழுப்பு ஏறத்தாழ 1 கிராம், அதாவது ஊசியின் பாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. எடைக்கல் உள்ள பெட்டியில் அதே சாய்வுக்கு இழுப்பு 0.07 கிராம்தான். பணக்காரன் பெட்டி சாய்வைப் பொறுத்துக்கொள்ளும், ஏழையின் பெட்டி பொறுக்காது. அப்படியிருக்க, மலிவுப் பெட்டியை விற்பவர்கள்தான் அதன் அடியில் திருகி உயரம் சரிசெய்யும் கால்களை வைத்துக் கொடுக்க வேண்டும். அவர்களோ நான்கு ரப்பர் பொத்தானை ஒட்டிக் கொடுத்துவிட்டு, தாவினால் காசு வை என்கிறார்கள்.

மூன்றாவது மறுப்பு பணம் படைத்தவர்களிடமிருந்து வரும்: "விலை உயர்ந்த பெட்டி வாங்குங்கள், அதற்கென்று விற்கும் பித்தளைக் கால், கண்ணாடிப் பலகை எல்லாம் வாங்குங்கள்." இதுவும் அதே காசு வைக்கும் புத்திதான், தொகை மட்டும் பெரியது. தரை வாட்டமாக இருக்கும்போது அதன்மேல் பித்தளைக் கால் வைத்தால் பித்தளையோடு சேர்ந்து சாயும். இது கோயமுத்தூர் வட்டாரம். லேத்தை மட்டம் பார்க்காமல் ஓட்டினால் என்ன ஆகும் என்று பட்டறையில் நேற்றுச் சேர்ந்த பையனுக்குக்கூடத் தெரியும். மாவரைக்கும் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். என் மனைவி இந்த ஊர்ப் பெண். கிரைண்டர் ஆடினால் அவள் கல்லின்மேல் இன்னொரு கல்லைத் தூக்கி வைக்கமாட்டாள். குனிந்து அடியில் பார்ப்பாள். "கிரைண்டருக்குத் தெரிஞ்சது உங்க பாட்டுப் பொட்டிக்குத் தெரியலீங்களா?" என்று 1979-ல் அவள் என்னைக் கேட்டாள். நான் கேட்கவில்லை. அதற்கான தண்டனையை இப்போது சொல்கிறேன்.

அப்போது கோவையில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை எனக்கு. அந்த வருடம்தான் திருமணம். பெரியப்பா பரிசாகத் தன் 45 சுற்றுத் தட்டு ஒன்றைக் கொடுத்தார். ஷார்ல் த்ரெனே பாடிய 'லா மேர்', கடலைப் பற்றிய பாட்டு. கடற்கரையில் வளர்ந்தவன் கடல் இல்லாத ஊருக்குக் குடிபோகிறான் என்று கொடுத்திருப்பார், அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. வாடகை வீட்டில் ஒரு இரும்பு பீரோவின் பக்கத்தில் ஆடுகிற ஸ்டூல்மேல், பழைய விலைக்கு வாங்கிய பெட்டி. பாட்டுத் தாவியது. அலுவலகத்தில் ஒரு நண்பர் 50 பைசா வைக்கச் சொன்னார். அந்தக் காசு 5 கிராம். வைத்தேன். தாவல் நின்றது. எனக்கு ஒரே பெருமை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் போட்டுக் காட்டினேன்.

சில மாதங்களில் தட்டின் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்தது. குரலுக்குப் பின்னால் இரைச்சல் வந்தது. பிறகு இரைச்சலுக்குப் பின்னால்தான் குரல் இருந்தது. இப்போது அந்தத் தட்டை எவ்வளவு உயர்ந்த பெட்டியில் போட்டாலும் இரைச்சலைத் தவிர எதுவும் கேட்காது. அந்தப் பாட்டு இன்று கைபேசியில் ஒரு நொடியில் கிடைக்கிறது, எனக்குத் தெரியும். ஆனால் பெரியப்பா தண்ணீர்த் தட்டு வைத்து மட்டம் பார்த்துப் போட்ட அந்தத் தட்டு, இத்தனை வருடம் அவர் கையில் ஒரு கீறல் விழாமல் இருந்த தட்டு, என் கையில் ஒரே வருடத்தில் போய்விட்டது. 50 பைசாவுக்குப் போனது. அவர் அடுத்த முறை வந்தபோது "பாட்டைப் போடேன்" என்றார். ஊசி உடைந்துவிட்டது என்று பொய் சொன்னேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். திட்டுவதோடு நிறுத்தாமல் செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன்.

பாட்டு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தாவினால் அந்த இடத்தில் கீறலோ அழுக்கோ இருக்கிறது. தட்டைத் துடையுங்கள். வெவ்வேறு இடத்தில் தாவினால் மேசையையும் ஊசியையும் சந்தேகப்படுங்கள்.

கனமான, தாழ்வான சாமானாகத் தேர்ந்தெடுங்கள். பழைய தேக்கு மேசை இருந்தால் நல்லது. சுவரோரமாக வையுங்கள், நடமாட்டத்தின் அதிர்வு அங்கே குறைவு. முக்காலி ஆடாது, மூன்று கால் எந்தத் தரையிலும் பதிந்துவிடும். ஆனால் ஆடாதது எல்லாம் மட்டம் ஆகாது. முக்காலியும் சாய்ந்து நிற்கும், அதற்கும் மட்டம் பார்க்க வேண்டும்.

முதலில் மேசையின் ஆட்டத்தை நிறுத்துங்கள். எதிரெதிர் மூலைகளை அழுத்திப் பார்த்தால் எந்தக் கால் குட்டை என்று தெரியும். மடித்த காகிதம் செருகாதீர்கள். அலுவலகத்தில் எத்தனையோ விண்ணப்பங்களை மேசைக்காலுக்கு மடித்து வைத்த அனுபவத்தில் சொல்கிறேன், காகிதம் நசுங்கும், மழைக்காலத்தில் ஊறும். டைல்ஸ் சில்லு, தகரத் துண்டு, மரச்சில்லு இவைதான் நிற்கும். மேசைமேல் கடப்பாக்கல் ஒன்றைப் போடலாம். இரண்டடிக்கு ஒன்றரை அடி, ஒரு அங்குலக் கனம் என்றால் ஏறத்தாழ 18 கிலோ வரும். மேசை தாங்குமா என்று முதலில் பாருங்கள். ஸ்பீக்கரை அதே மேசையில் வைக்காதீர்கள்.

பிறகு பெட்டியை வைத்து, தட்டு சுழலும் வட்டத்தின்மேல் கொத்தனாரின் ரசமட்டத்தை வையுங்கள். மூடிமேல் வைத்துப் பார்த்தால் மூடியின் மட்டம்தான் தெரியும். இடவலமாக ஒருமுறை, முன்பின்னாக ஒருமுறை. பிறகு ரசமட்டத்தைத் திருப்பி வைத்துப் பாருங்கள். குமிழி இடம் மாறினால் ரசமட்டமே சரியில்லை. கைபேசியில் மட்டம் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் முதுகில் கேமரா மேடு இருக்கிறது. ரசமட்டம் இல்லாவிட்டால் வட்டத்தின்மேல் ஒரு தட்டையான கண்ணாடித் துண்டை வைத்துக் கோலிக்குண்டை விடுங்கள். குண்டு பொய் சொல்லாது. மட்டம் வந்ததும் பாட்டைப் போட்டுவிட்டு அறையில் சாதாரணமாக நடந்து பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள், மரமும் தரையும் அசையும்.

அன்றைக்குப் பேரனை வைத்துக்கொண்டே இதெல்லாம் செய்தோம். எதிர்வீட்டு ஃபிட்டரிடம் ரசமட்டம் வாங்கி வந்தான். என் தேக்கு மேசையின் வடகிழக்குப் பக்கம் இறங்கியிருந்தது. செலோடேப்பைப் பிரித்து அந்தக் காசை எடுத்தேன். கனம் ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். "இன்னும் நாலு காசு கொண்டா" என்றேன். வடக்குக் காலுக்கு இரண்டு, மூலைக் காலுக்கு மூன்று. குமிழி நடுவில் வந்து நின்றது.

பாட்டைப் போட்டான். தாவவில்லை. வாளையாறு பக்கம் போகிற ரயில் ஒன்று அப்போது கடந்து போனது, அதற்கும் தாவவில்லை. முன்பே தேய்ந்த இடத்தில் கரகரப்பு இருந்தது, அது இனி போகாது. அதையும் அவனிடம் சொன்னேன்.

"கடைக்காரரு காசு வெக்கச் சொன்னது சரிதானுங்க அப்புச்சி. எடத்தைத்தான் தப்பாச் சொல்லிட்டாரு" என்றான்.

செருப்பு ஸ்டேண்டை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். செருப்பு வைப்பேன் என்றான். பிழைத்துக்கொள்வான்.